கிளாகெட் விடுதி வாத்து

மே மாத மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், ஜார்ஜ்டவுனிலிருந்து நடந்தே வந்த கெசியா லாத்ரப் ஒரு கடிதத்தை லெமுவேல் ஸ்ட்ரோட்டின் மேசைமேல் வைத்தாள். வாஷிங்டனில் பதினெட்டு ஆண்டுகள் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஸ்ட்ரோட். அவர் முகத்தில் அப்போது பாதி சோப்பு நுரை இருந்தது. வாராவாரம் வந்து சவரம் செய்யும் ரூட், கத்தியைத் துடைத்துக்கொண்டே கடிதத்தை எட்டிப் பார்த்தான். ஊரில் நடப்பது எதுவும் தனக்குத் தெரியாமல் போனால் ரூட்டுக்குச் சாப்பாடு இறங்காது.

"இருபத்தாறு வருஷம் எங்கப்பா அரசாங்க ஆபீஸ்ல எழுத்தரா இருந்தாரு. இந்த ஒரு மொட்டைக் கடுதாசிக்காக ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் கெசியா. "அங்க ஒருத்தர் இரக்கப்பட்டு இதை எங்கிட்ட குடுத்தாரு. எழுதினது ஏமஸ் தர்லோதான். அப்பா பக்கத்து மேசைக்காரன், அப்பா தங்கற கிளாகெட் விடுதியிலயே தங்கி இருந்தவன். அவன் வேலை மட்டும் தப்பிச்சிடுச்சு பாருங்க."

அந்த வசந்தத்தில் வாஷிங்டனில் எந்த எழுத்தரும் நிம்மதியாக இல்லை. சாதாரண ஜனங்களின் ஓட்டில் ஜெயித்துப் புது ஜனாதிபதியாக வந்த ஜெனரல், பழைய ஆட்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களை வைத்துக்கொண்டிருந்தார். தேர்தலில் எதிர்க்கட்சியார் பரப்பிய அவதூறுதான் தன் மனைவியைக் கொன்றது என்று அவர் நம்பினார். பதவியேற்பைப் பார்க்காமலேயே அந்த அம்மாள் இறந்திருந்தார். அந்த அம்மாளைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசினான் என்று சொன்னாலே போதும், விசாரணை இல்லாமலே அவன் வேலை போய்விடும்.

ஸ்ட்ரோட் கடிதத்தைப் படித்தார். கையெழுத்து அடையாளம் தெரியாதபடி அச்செழுத்துப்போல் தனித்தனியாக எழுதியிருந்தது. 'ஜனவரி கடைசி ஞாயிறு மதியம், கிளாகெட் விடுதியில் எல்லோரும் வறுத்த வாத்தைச் சுற்றி அமர்ந்திருக்க, எஃப்ரைம் லாத்ரப் ஜெனரலின் மறைந்த துணைவியாரை இழிவாகப் பேசினார். என் காதால் கேட்டேன். அந்தச் சொற்களை இந்தக் கை மறுபடி எழுதாது.'

"உங்கப்பா என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. மேலதிகாரியைப் போய்ப் பார்க்கவும் மாட்டேங்கறாரு. நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

"தர்லோதான்னு நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா அம்மா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். சந்தையில சொன்னேன், சர்ச்ல சொன்னேன். இப்ப தர்லோவும் அவன் பொண்டாட்டியும் உக்கார்ற பெஞ்சில வேற யாரும் உக்கார்றதில்ல. விடுதியிலயும் யாரும் பேசாததால வேற வீடு பார்த்துப் போயிட்டாங்க. நல்லா வேணும்."

ஸ்ட்ரோட் மிச்ச நுரையைத் தானே துடைத்துக்கொண்டார்.

"ரூட், விடுதி நடத்தற கிளாகெட் அம்மாவுக்கு முடி சுருட்டிவிடப் போறியா? அந்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டைப் பத்தி மட்டும் கேட்டுட்டு வா."

இரண்டாம் நாள் ரூட் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஐயா, அன்னைக்கு வாத்தே கிடையாது. காலையிலேர்ந்து வீடு பூரா வாத்து வாசனை. கடைசி நிமிஷத்துல சமையக்காரி திரும்பின நேரம் பார்த்து நாய் கவ்விக்கிட்டு ஓடிடுச்சு. எல்லாரும் ஆறிப்போன பன்னிக்கறிதான் தின்னுருக்காங்க. வெளிய சொன்னா விடுதி பேரு கெட்டுடும்னு அந்தம்மா ஆளுக்கு ரெண்டு துண்டு ஆப்பிள் பலகாரம் குடுத்து வாயை அடைச்சிருக்கு. எங்கிட்ட சொல்ல வைக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

"தர்லோ மேசையில இருந்தானா?"

"இருந்தான். லாத்ரப்தான் இல்ல. தொண்டை வீங்கிப் பேச்சே வராம மாடியில படுத்திருந்தாராம். கஞ்சி மட்டும் மேல போயிருக்கு."

ஸ்ட்ரோட் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு, தர்லோவை மறுநாள் கிளாகெட் விடுதிக்கு அழைத்து வரச் சொன்னார்.

லாத்ரப்பின் மாடியறை நால்வருக்கே இடம் போதாமல் இருந்தது. தர்லோ கதவருகிலேயே நின்றான். கெசியா அவனைப் பார்க்கவில்லை. லாத்ரப் கிழவர் தலை நிமிரவில்லை. ரூட் மாடிப்படியில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இதை எழுதினவருக்கு வாத்து வறுபட்டது தெரியும், நாய் தூக்கிட்டுப் போனது தெரியாது" என்றார் ஸ்ட்ரோட். "மேசையில உக்காந்த யாரும் வாத்துன்னு எழுத மாட்டாங்க. வெளியாளுக்கு வாத்தைப் பத்தியே தெரியாது. வாசனை மட்டும் எட்டின ஒருத்தர்தான் இப்படி எழுத முடியும்."

பிறகு கெசியாவைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு இந்த அறையில படுத்திருந்தது யாரு அம்மா?"

"அப்பாவா? தன் பேர்ல தானே எழுதிக்கறதுக்கு அவருக்கு என்ன பைத்தியமா?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன். அப்பறம் இந்த ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. 'மறுபடி எழுதாது'. காதால கேட்டவன் 'மறுபடி'ன்னு ஏன் சொல்லணும்? ஏற்கெனவே ஒரு தடவை எழுதினவன்தான் அப்படிச் சொல்லுவான்." அவர் கிழவர் பக்கம் திரும்பினார். "போன வருஷம் அந்தம்மாவைப் பத்தி ஊர் ஊரா ஒரு துண்டுத்தாள் போச்சு. அதை எழுதினது யாரு லாத்ரப்?"

கிழவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். குரல் தேய்ந்திருந்தது.

"நான்தான். கட்சிக்காரங்க விஷயத்தைச் சொன்னாங்க. நான் அழகா எழுதிக் குடுத்தேன். நல்லா இருக்குன்னு ஒரு பெருமை வேற. ஜனவரியில அவங்க செத்த சேதி வந்துச்சு. அன்னைக்குக் கட்டினதுதான் இந்தத் தொண்டை." மகளைப் பார்க்காமலே தொடர்ந்தார். "துண்டுத்தாள் எழுதினேன்னு ஒத்துக்கிட்டா இன்னும் நாலு பேரு மாட்டுவாங்க. அதனால பேசினேன்னு எழுதினேன். எனக்கு மட்டும் தண்டனை வரட்டும்னு."

"எனக்கு வந்த தண்டனை?" என்று கேட்டான் தர்லோ. "என் பொண்டாட்டி அஞ்சு வாரமா வாசலைத் தாண்டல."

"தெரியும். கேள்விப்பட்டேன்" என்றார் கிழவர். "உண்மையைச் சொன்னா எம்பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே. அதான் வாயைத் திறக்கல."

கெசியா எழுந்து தர்லோவின் முன் வந்தாள். என்னவோ சொல்ல முயன்றாள். தர்லோ கையைக் காட்டித் தடுத்தான்.

"எங்கிட்ட வேணாம்மா. எங்கெங்க சொன்னியோ அங்கெல்லாம் போய்ச் சொல்லு."

அவள் போனாள். சனிக்கிழமை சந்தையில் மீன்காரிகளிடம் சொன்னாள். ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் வாசலில் நின்று சொன்னாள். அப்போ எழுதினது யாரு என்று கேட்டவர்களிடம், எங்கப்பாதான் என்றாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமுறுத்திட்டானா அந்தத் தர்லோ?" என்று பரிவோடு கேட்டாள்.

அடுத்த வாரம் ரூட்டின் கடைக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு மாவு வியாபாரி வந்தான். தர்லோ என்று ஒருவன் கிழவனைக் காட்டிக்கொடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்ட கதையை, நேரில் பார்த்தவன்போலச் சொன்னான். ரூட் அவன் முகத்தைப் பாதிச் சவரத்தில் விட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு கெசியாவிடம் ஓடினான்.

"அலெக்சாண்ட்ரியால நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றாள் அவள்.

"வாய்க்கு வாய் தாவி ஆத்தையே தாண்டிடுச்சும்மா" என்றான் ரூட்.

அவள் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டாள். ஆற்றைக் கடக்கும் அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.