உப்பில்லாத தட்டு

சகல ஜனங்களுக்கும் இதனால் தெரிவிப்பது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில், உலக உயிரியலின் தலைநகரம் பாறசாலை தாண்டி காரோட்டுக்கு மாற்றப்பட்டது. மாற்றியவர் டாக்டர் கனகதாஸ். தலைநகரம் இயங்கியது எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீட்டில். மில்காரருக்கு இன்றுவரை விவரம் தெரியாது.

வீடு ராபின்சனுடையது. பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து போனவர். உடல் கரை சேரவில்லை. அவர் மனைவி தங்கபாய் வீட்டை வாடகைக்கு விட்டபோது ஓர் அறையை மட்டும் பூட்டி வைத்தாள். ஆள் வராமல் அதைத் திறந்தால் அவர் செத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. டாக்டருக்கோ இருட்டறை வேண்டியிருந்தது. "அறிவியலுக்குப் பூட்டு கிடையாது" என்று முழங்கி, யாரிடமும் கேட்காமல் உடைத்தார். உள்ளே ஒரு வலைக்கட்டும் ஈரக்கயிற்று வாடையும் இருந்தன. வலையைத் தூக்கி மழையில் எறிந்து, கதவுக்குத் தன் பூட்டை மாட்டினார். வாடை மட்டும் போகவில்லை.

டாக்டரின் ஆராய்ச்சி இதுதான். கடல்சொறி என்கிற ஜெல்லிமீனின் உடம்பில் ஒளிரும் பச்சைப் புரதம் உண்டு. அதன் மரபணுவை, உப்புப் பட்டால் விழிக்கும் ஒரு பாக்டீரிய மரபணுவோடு கோத்திருந்தார். உப்புத் தொட்டதும் அது விழிக்கும்; புற ஊதா விளக்கின் கீழ் செல் பச்சையாக மினுங்கும். செல்லைக் கொல்லாமலே உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில், உப்பே இல்லாத தட்டு மட்டும் இருண்டு கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை.

காலையில் விளக்கைப் போட்டால், அந்த அகலத் தட்டில் ஒரு வலக்கை. பச்சையாக, விரித்தபடி.

டாக்டரின் சந்தேகம் நேராக உதவியாளர் ப்ளோரன்ஸ் மேல் பாய்ந்தது. அவள் ராபின்சனின் தங்கை. அண்ணன் அறையை மீட்க நாடகமாடுகிறாள்!

"கருவாட்டுக் கையோட தொட்டுட்டு முழிக்குதியா? நாளைக்கு நிதி குடுக்க டெல்லிக் குழு வருது. அவங்க இதக் கண்டா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சாருக்க பூட்டு, சாருக்க சாவி. கை மட்டும் எனக்க கையாக்குமோ?" என்றாள் ப்ளோரன்ஸ். பிறகு தட்டைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "மோதிர விரலு பாதிதான் உண்டு சாரே. கயிறு அறுத்துப்போட்டது. அண்ணனுக்க கையாக்கும்."

"மூட நம்பிக்கை!" என்றார் டாக்டர். ஆனாலும் அவள் விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பத்தும் இருந்தன.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நட்ட நடு மதியத்தில், புதுத் தட்டோடு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கும் உத்தேசம்.

விளக்கு மெல்ல இரைந்தது. மில்லின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஈரக்கயிற்று வாடை கனத்தது.

எங்கோ ஒரு சொட்டு.

தட்டில் ஒரு பச்சைப் புள்ளி.

பக்கத்தில் இன்னொன்று.

தொடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. உள்ளங்கை நிதானமாக விரிந்தது. ஒரு விரல் பாதியில் நின்றது.

மின்சாரம் போயிற்று.

புற ஊதா ஒளி இல்லாமல் அந்தப் புரதம் ஒளிராது. மாணவர்களுக்கு டாக்டரே எத்தனையோ தடவை சொன்ன பாடம்.

கை அணையவில்லை.

அந்தப் பச்சை வெளிச்சத்தில் டாக்டர் தன் சட்டைத் தோளைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலமே வலையைக் கழுவி உள்ளே வைத்து, புதுப் பூட்டுப் போட்டு, சாவியைத் தங்கபாயிடம் கொடுத்தார். தட்டுகள் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன.

மறுநாள் குழுத் தலைவர் கறுப்புத் துணியை நீக்கி, உப்பில்லாத தட்டில் விளக்கைக் காட்டினார்.

"இது யார் கை?"

மூலையில் ப்ளோரன்ஸ் நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு, ஐந்து விரலும் குறையில்லாத தன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு,

"எனக்க கையாக்கும் சார்" என்றார்.

நிதி கிடைக்கவில்லை. ப்ளோரன்ஸின் வேலை தப்பியது. சுத்தம் போதாது என்று டெல்லியிலிருந்து ஒரு பெட்டி கையுறை வந்தது.

மறுநாள் காலையில் பார்த்தபோது, வலக்கை உறை ஒன்று குறைந்திருந்தது.