கூடாரத்தை விட்டுப் போனவன்

பெயர் சேஷு. வயது இருபத்து மூன்று. மாயவரத்துக்காரன், தலைநகரில் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நண்பன் வேணுவோடு ஓர் அறையில் தங்கி குமாஸ்தா வேலை பார்க்கிறான். எண்பத்தொன்றாம் வருஷம், ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில், காலை ஏழரைக்கு அவன் ஓக்லா ஆற்றங்கரை நாணலுக்குள் சாக்குக் கூடாரத்தில் காமிராவோடு உட்கார்ந்திருந்தான். பறவைகள் இறங்கவில்லை.

இறங்கியிருக்க வேண்டும். இரண்டு பேராகக் கூடாரத்துக்குள் போய், ஒருவர் மட்டும் வெளியேறினால் போதும். பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. இடம் காலி என்று பத்து நிமிஷத்தில் வந்துவிடும். வேணுதான் வழக்கமாகக் கூட வந்து திரும்புகிறவன். இன்றும் இருட்டில் கரைமேட்டில் கம்பளியும் குரங்குக் குல்லாயுமாக நின்றிருந்தான். ஆற்றோரம் யாரும் பேசக்கூடாது என்பது சேஷு போட்ட சட்டம். அதனால் இருவருமே வாய் திறக்கவில்லை.

கூடாரத்துக்குள் குனிந்தபோதுதான் அந்த வாடை. நாள்பட்ட சேறு. வேணு முகத்தோடு முகம் வைத்து நீளமாக மூச்சை இழுத்தான். விடவே இல்லை. அப்படியே எழுந்து போனான்.

பனி மெல்லக் கலைய, நாணல் நுனியிலிருந்து சொட்டும் நீர் சாக்கின் மேல் யாரோ விரலால் தட்டுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்க, தூரத்து நீரில் நாமக்கோழிகள் எல்லாம் தலையை உயர்த்திக் கரைமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. சேஷு நீள லென்ஸை அங்கே திருப்பினான். கம்பளிக்காரன் இன்னும் போகவில்லை. முதுகைக் காட்டி நின்றான்.

சைக்கிள் மணி.

"டேய் சேஷு! சாரிடா. டயர் பஞ்சர். இவ்வளவு தூரம் தள்ளிண்டே வரேன்!" வேணுவின் குரல்.

கம்பளிக்காரன் திரும்பிக் குல்லாயைக் கழற்றினான். இடது புருவத்தில் அம்மைத் தழும்பு. சேஷுவின் தழும்பு. சேஷுவின் முகம்.

"பரவால்லடா," என்றது, சேஷுவின் குரலில். "இன்னிக்கு ஒண்ணும் வரலை. ஜல்தி, ரூமுக்குப் போலாம். பெட்டி கட்டணும்."

"ரயில் செவ்வாய்க்கிழமைடா, ஏன் இப்படி அலையறே! ரெண்டு வருஷம் பொறுத்தவனுக்கு ரெண்டு நாள் பொறுக்கலையா? அம்மாவைப் பாக்க அவ்வளவு அவசரமா?"

"ஆமாடா. ரொம்பப் பசிக்கறது."

வேணு சிரித்தான். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

சேஷு கத்தினான். தொண்டை கிழிய. "வேணு! அது நான் இல்லடா! அம்மாகிட்ட விடாதே!"

நீரில் ஒரு பறவைகூடத் திடுக்கிடவில்லை.

கரைமேடு காலியானதும் அவை வந்தன. சாக்கை விலக்கி ஒரு நாமக்கோழி உள்ளே நுழைந்தது. அவன் தொடை மேல் ஏறியது. கனம் தெரிந்தது. சூடு தெரியவில்லை. அது அலகை இறகுக்குள் செருகிக் கண்ணை மூடியது. பிறகு இன்னொன்று. தோளில் ஒன்று. விரித்த உள்ளங்கையில் ஒன்று. கையை உதறினான். கை அசையவில்லை.

ஓக்லா பக்கம் போகிறவர்கள், நாணலுக்குள் சாக்குக் கூடாரம் எதையாவது கண்டால், பறவை கலையுமே என்று பார்க்க வேண்டாம். தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.