ஓடைமணலில் கிடந்த பாட்டில்கள்

கழுத்து அரக்கு உடையவில்லை, தக்கையில் கசிவும் இல்லை, ஆனாலும் பாட்டிலுக்குள் ஒயின் இறங்கியிருந்தது. நிலவறையில் சத்தியநேசன் மெழுகுவத்தியைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்து மறுபடியும் பார்த்தான். போன வாரம் கழுத்துவரை நின்ற கருஞ்சிவப்பு இப்போது தோளுக்குக் கீழே நின்றது. பக்கத்துப் பாட்டிலிலும் அப்படித்தான்.

"கிருபை, நீ எதையும் தொடலியே?"

"தண்ணி தெளிச்சேன். அம்புட்டுத்தான்" என்றாள் அவன் மனைவி தேவகிருபை.

இடுப்பிலிருந்த குடத்தை அவள் இறக்கி வைக்கவில்லை. அது கனப்பதாகவும் தோன்றவில்லை. ஆடியில் குழந்தை போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. அன்று காலை அடுப்பில் கை பட்டு வெந்ததைக்கூட, தோல் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தாள்.

"சனிக்கிழமை தொரை மலையிலருந்து எறங்குதாரு. மெட்ராஸ்லருந்து விருந்தாளி வேற. இதப் பாத்தா என்ன சொல்லுவாரு? பட்லர் குடிச்சிட்டான்னுதானே?" அவன் குரல் தாழ்ந்தது. "வேலை போறது மட்டுமில்ல கிருபை. போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாரு."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்தது பார்லோ துரையின் பங்களா. துரை பிறந்த வருஷத்தில் அவருடைய தகப்பனார் வாங்கிப் போட்ட பிரெஞ்சு ஒயின் அது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, ரயிலேறி, மாட்டுவண்டியில் அசையாமல் கொண்டுவரப்பட்டது. குளிர்ந்த குகைகளில் கிடக்க வேண்டிய பொருள் இந்த ஊர் வெயிலைத் தாங்காது என்று துரை கவலைப்பட்டபோது, வழி சொன்னவன் சத்தியநேசன்தான். வீட்டில் தண்ணீர்ப்பானைக்குச் செய்வதுபோல நிலவறையில் ஓடைமணலை மேடாகப் பரப்பி, பாட்டில்களைப் பாதி புதையும்படி படுக்க வைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தார்கள். தக்கை காயக்கூடாது, வண்டல் கலங்கக்கூடாது. பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லிச் சிரிப்பான். ஆடிக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டான்.

"காத்து ஏறியிருந்தா புளிச்சிருக்கும். ருசி பாத்தாத்தான் தெரியும்."

அரக்கைத் தட்டி எடுத்துத் தக்கையைத் திருகி இழுத்தான். கழுத்துக்கடியில் மெழுகுவத்தி எரிய, நூல்போலக் கண்ணாடிக் குடுவையில் சரித்து, வண்டலின் கருப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்தினான். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி மூக்கருகே பிடித்தான். ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கில் உருட்டி, நெடுநேரம் கழித்து விழுங்கினான்.

"புளிக்கல. காஞ்ச இலை, பழைய தோல்பெட்டி, நாவப்பழம், எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா அடியில வேற ஏதோ ஒண்ணு... எனக்குப் பிடிபடல. நீ பாரேன்."

அவள் அறிந்த ஒயின் கோயிலில் நற்கருணைப் பாத்திரத்தில் உதடு நனைக்கிற அளவுதான். வாங்கி முகர்ந்தாள். இலையும் தோலும் பழமும் தூரத்தில் எங்கோ யாரோ பேசுவதுபோல இருந்தன. அவற்றுக்கு அடியில், வெதுவெதுப்பாக, மிக அருகில், பால் குடித்து ஏப்பம் விட்ட குழந்தையின் வாய் மணம்.

மார்பில் சுருக்கென்றது. வற்றிப்போனதாக மருத்துவச்சி சொன்ன பால் ரவிக்கையை நனைத்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு இருவரும் படியேறிச் சமையல்கட்டுக்கு வந்தார்கள். துரைக்கு வந்த சாமான்களை ராஜபாளையம் ரயிலடியிலிருந்து எடுத்துவர வேண்டும். வண்டிக்கார ஆண்டிச்சாமி சமையல்கட்டு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன பட்லரய்யா, விடிஞ்சதும் ருசி பாத்தாச்சா? என் மாட்டுக்கு ஒரு சொட்டு ஊத்தும், ரயிலுக்கு முந்தி ஓடும்!"

"சும்மா கெடயும்வே" என்று சத்தியநேசன் கோட்டை எடுக்க உள்ளே போனான்.

தேவகிருபை கேட்டாள்: "அண்ணே, போன மாசம் புது மணல் கொண்டாந்தீகளே, எங்க அள்ளுனீக?"

"ஓடை வளைவுல தாயி, புங்கமரத்தடியில. பனி பெஞ்ச மாதிரி குளுந்து கெடந்துச்சு." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "பொறவு ஒரு கெழவன் ஏசுனான். பச்சப்பிள்ள செத்தா அங்கனதான் பொதைப்பாவளாம். நான் மேலாக்கத்தான் அள்ளுனேன், தோண்டல."

சத்தியநேசன் வந்து சாவியை அவள் கையில் வைத்தான். "நீ கீழ போயி உள்தாழ் போட்டுக்கிட்டு இரு. ஆளா, எலியா, எதுன்னு பாத்துச் சொல்லு. என் மானம் உன் கையில இருக்கு கிருபை." வெந்த கையை அப்போதுதான் பார்த்தான். "இது எப்பட்டி?" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் வண்டி மணி அவசரப்படுத்தியது.

மேலே பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, நிலவறைக்குள் ஈரமணலின் குளிரும் மெழுகுநெடியும் தக்கையின் பூஞ்சை வாடையும் ஒன்றாகக் கலந்து நின்றன. தாழைப் போட்டுவிட்டு அவள் மணல்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய குழந்தை இங்கே இல்லை. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில், பலகைப் பெட்டிக்குள், பாட்டும் ஜெபமும் கேட்டு உறங்குகிறது. இந்த மணலில் இருப்பது வேறு யாருடைய குழந்தையோ. அப்படி நினைத்தபோதும் பயம் வரவில்லை. பயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை கிடந்தது.

நனைந்த மணல் தண்ணீரை உள்ளிழுக்கும் மெல்லிய சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது அடங்கியபின் வேறொரு சத்தம் எஞ்சியது. ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல், சின்ன மூச்சு. மறுபடி இழுப்பு. எலி இல்லை. இந்தச் சத்தத்தை அவள் இருட்டில், அரைத்தூக்கத்தில், எத்தனையோ இரவுகள் கேட்டவள்.

மெழுகுவத்தியை நகர்த்தினாள். காலடியில் கிடந்த பாட்டிலில் ஒயின் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே. விட்டு விட்டு.

ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் ரவிக்கை நனைந்தது.

சனிக்கிழமைக்குள் எல்லாம் காலியாகிவிடும். சத்தியநேசனை விலங்கு போட்டுக் கொண்டுபோவார்கள். பசித்ததால்தானே இது கிடைத்ததைக் குடிக்கிறது? பசி ஆறினால் ஒயினைத் தொடாது.

வேறு யோசனை அவளுக்கு வரவில்லை.

பாட்டிலை மெதுவாக, வண்டல் கலங்காமல், தள்ளி வைத்தாள். ரவிக்கையை அவிழ்த்தாள். மணலில் ஒருக்களித்துப் படுத்தாள்.

மணல் அசைந்தது. குளிர்ந்த ஒன்று தேடியது. தடுமாறியது. கண்டுபிடித்தது.

வலித்தது. ஆடிக்குப் பிறகு முதல்தடவையாக, வலித்தது. அவள் வாய்விட்டு அழுதாள். கை தானாகப் போய் மணலைத் தட்டிக்கொடுத்தது. பாட்டிலில் ஒயின் அப்படியே நின்றது.

நேரம் போனது. மேலே வண்டிச் சத்தம். சத்தியநேசனின் செருப்புச் சத்தம்.

"கிருபை! யாருன்னு தெரிஞ்சுதா?"

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அது விடவில்லை.

மேட்டின் மறுகோடியில் ஒரு பாட்டில் உருண்டது. பிறகு இன்னொன்று. கண்ணாடி கண்ணாடியில் உரசியது. சுவர்வரைக்கும் மணல் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பியது. தேங்காயளவு. அதைவிடச் சிறியவை. எல்லாம் அவள் பக்கமாக நகர்ந்துவந்தன.

"ஏட்டி! கதவத் திற!"

கதவு அதிர்ந்தது. மெழுகுவத்தி சாய்ந்து எரிந்தது. பால் தீர்ந்துபோயிருந்தது. அவள் மார்பிலிருந்து மணலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது கருஞ்சிவப்பாக இருந்தது. முதல் மேடு அவள் முழங்கையைத் தொட்டு, மேலே ஏறத் தொடங்கியது.