மூன்றாவது கேபிள்

சுவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

பதினோரு வருடமாக டிஷ் மாட்டும் கன்னையாவுக்கு, நாராயணவனம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர்களைத் தன் மாமனாரைவிட நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே ரகம். முதலில் முறைக்கும், அப்புறம் முனகும், மூஞ்சியில் புழுதியை ஊதும், கடைசியில் வேறு வழியில்லாமல் இடம் கொடுக்கும். இந்தச் சுவரோ, டிரில்லின் முனையை வைத்து அழுத்தியதும், வெந்த வள்ளிக்கிழங்கில் ஈர்க்குச்சி இறங்குவதுபோல் வாங்கிக்கொண்டது. துளையிலிருந்து காற்று வந்து அவன் மணிக்கட்டைத் தொட்டது. வைகாசி வெயிலில் குளிர்ந்த காற்று. அதில் விபூதி வாசனை, சிக்குப் பிடித்த நல்லெண்ணெய் வாசனை, இரண்டுக்கும் அடியில், ஈரத்துணியை மடித்து வைத்து மாதக்கணக்கில் மறந்துபோன வாசனை.

சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். வீட்டின் பின்சுவரில் அந்த இடம் மட்டும், ஓர் ஆள் அகலத்துக்கு, தரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை புதுப்பூச்சாக இருந்தது. ஏதோ பழைய சின்ன வாசலை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தான். சோம்பேறிக்கென்றே சாமி கொடுத்த சுவர். கேபிளின் வெறும் நுனியை உள்ளே தள்ளிவிட்டான். பெட்டியில் செருகும் பின்னை நுனியில் மாட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வீடு தனபாக்கியத்தம்மாளுடையது. மகன்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் அடுப்பைத் தனியாக்கிக்கொண்ட பிறகு, ஆளுக்கொரு டிவி, அம்மாவுக்கு ஒன்று, ஆக மூன்று. ஒரு டிஷ் போதும் என்று கன்னையாதான் சொன்னான். டிஷ்ஷின் மூக்கில் நாலு வாய் உள்ள எல்.என்.பி-யைப் பொருத்தினால், வாய்க்கொரு கேபிள், கேபிளுக்கொரு பெட்டி. ஒருத்தர் சீரியல் பார்க்கலாம், ஒருத்தர் கிரிக்கெட் பார்க்கலாம். "ஒரே தட்டுல நாலு வாயி சண்டை இல்லாம துன்றது ஒலகத்துலயே இது ஒண்ணுதாம்மா" என்று அவன் சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. அதற்காக நிறுத்திவிட முடியுமா?

மகன்கள் குடும்பத்தோடு திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முதல் இரண்டு அறைகளுக்கும் கேபிள் விட்டு, உள்ளே போய்ப் பின் மாட்டி முடித்திருந்தான். மூன்றாவது அறை தனபாக்கியத்தம்மாளுடையது. பின்பக்கமிருந்து எண்ணித்தான் மூன்றாவது துளையைப் போட்டான். முன்பக்கம் பூட்டியிருந்த ஒரு கதவை, நெல் மூட்டை போடும் அறை என்று நினைத்து, அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

மாடிக்கு ஏறினான். சுற்றுச்சுவர் மூன்று பக்கம் பாசி பிடித்துக் கிடந்தது. நாலாவது பக்கம் மட்டும் புதிது, வெள்ளைகூட அடிக்காதது. டிஷ்ஷைத் தெற்கே திருப்பும்போது போன் அடித்தது. கலைவாணி.

"ஊருக்கெல்லாம் மாட்டறே. நம்ம டிஷ்ஷு மாடியில மல்லாந்து கெடக்குது, காக்கா வந்து தண்ணி குடிச்சுட்டுப் போவுது. இங்க உம்பொண்ணு மாடிக்குப் போறேன்னு ஒரே அழுவை."

"உடாதே கலை. சுவரே இல்லாத மாடி அது. நைனா கூட இருந்தாதான் ஏறணும்னு சொல்லு."

"நைனா எப்ப மாட்டுவ?" என்று போனுக்குள் கீர்த்தியின் குரல். நாலு வயசு.

"நாளைக்கு கண்ணு" என்றான். இரண்டு வருடமாக அதே நாளை.

சிக்னல் பார்க்க அவன் பையில் ஃபைண்டர் இருந்தது. கேபிள் மாட்டினால் உயிர் வந்து கூவும் சின்னப் பெட்டி. ஆனால் அவன் நம்பியது தன் தொண்டையைத்தான். மேலே அவன் கத்துவான், கீழே டிவி முன்னால் நிற்பவர் கத்துவார். நாகலாபுரம் சந்தைவரை கேட்கும் தொண்டை என்று கலைவாணி சொல்வாள், பாராட்டாக அல்ல.

"வந்துச்சா?"

"வரல... வரல... வந்துச்சுப்பா!" முதல் அறையிலிருந்து தனபாக்கியத்தம்மாள்.

இரண்டாவது வாய். "வந்துச்சா?"

"இதுவும் வந்துச்சு!"

மூன்றாவது கேபிளை வாயில் திருகினான். அந்த அம்மாள் அறை மாறி நடக்க நேரம் ஆகுமே என்று நினைத்தபடியே, பழக்கதோஷத்தில் கேட்டான்.

"வந்துச்சா?"

"எடது பக்கம் ஒரு நூலு."

ஆண் குரல். வயதான, காய்ந்த குரல். கல்யாணத்துக்குப் போனவர்களில் யாரோ திரும்பிவிட்டார்கள்.

"பெரியவரே, பின்னு நீங்களே மாட்டிக்கினீங்களா?"

"மாட்டிக்கினேன். இன்னும் ஒரு நூலு. நிறுத்து. வந்துச்சு."

கன்னையா அசந்துபோனான். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு துணை கிடைத்ததில்லை. மற்றவர்கள் 'வந்துச்சு' என்று சொல்லிவிட்டு, 'போச்சு' என்று சொல்ல மறந்து, வந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

"பெரியவரே, உங்கள மாதிரி ஆளுதான் எனக்கு வோணும். எங்க வூட்டு டிஷ்ஷும் ரெண்டு வருசமா அப்படியே கெடக்குது. நாகலாபுரம்தான். வந்து மாட்டிக் குடுத்துடுங்க!"

"வரேன்" என்றது குரல்.

படியிறங்கும்போதுதான் தொண்டை கரகரத்தது. வெயில் என்று நினைத்தான்.

கீழே, கடைசி அறை வாசலில் தனபாக்கியத்தம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "ஏம்பா, இங்க ஒயரே வரல. நான் பெட்டியப் பாத்துக்கினு நிக்கிறேன், நீ மேல யார்கிட்ட பேசிக்கினு இருந்தே?"

"ஒரு பெரியவரு சொன்னாரேம்மா, வந்துச்சுன்னு."

அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவன் கண்ணால் பார்த்தான். அவர் பின்பக்கம் நடந்தார். புதுப்பூச்சையும், அதன் நடுவே நுழைந்திருந்த கறுப்புக் கேபிளையும் பார்த்தார். சுவரில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு போனது அவிட்ட நட்சத்திரத்துல. ஆறு மாசம் அவரு அறைய அடைச்சு வெக்கணும். வாசப்படி வழியா எடுக்கக் கூடாதுன்னு இந்தச் சுவத்த இடிச்சுதான் எடுத்தோம். அப்புறம் அடைச்சிட்டோம். இன்னும் எட்டு நாளு இருக்குதுப்பா. எட்டே நாளு."

"எப்படிம்மா போனாரு?"

"காத்துல டிஷ்ஷு திரும்பிப் போச்சு. மேல ஏறி வந்துச்சா வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நான் ஏதோ கோவத்துல பதிலே சொல்லல. காதுல உழலையோன்னு எட்டிப் பாத்தாரு. அப்பவும் சொல்லல. அந்தப் பக்கம் அப்ப சுவரு இல்ல, அப்படியே உழுந்துட்டாரு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை."

கன்னையாவுக்கு அந்த அம்மாளின் தோளைத் தொட்டு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததெல்லாம் வேடிக்கைப் பேச்சாகவே இருந்ததால் கேபிளைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். உள்ளேயிருந்து மெல்ல, மரியாதையாக, கொஞ்சம் திருப்பி இழுக்கப்பட்டது. பிறகு மொத்தமாக விட்டது. நுனி வெளியே வந்து அவன் காலடியில் விழுந்தது. வெறும் நுனியாகத்தான் தள்ளியிருந்தான். இப்போது அதில் பின் மாட்டியிருந்தது. கச்சிதமாக. நடுவில் செம்புக்கம்பி சரியான அளவுக்கு வெட்டப்பட்டு.

துளையில் சிமெண்டை அடைத்தான். பாதி கீழே சிந்தியது.

"நேரா வூட்டுக்குப் போவாதே. எங்கனா தலை முழுகிட்டுப் போ" என்றார் தனபாக்கியத்தம்மாள். "பின்னாலயே வந்துடும்."

அதனால்தான் அவன் சுற்றுவழியில் போனான். பிச்சாட்டூர் தாண்டி ஒரு மாந்தோப்பின் பம்புசெட்டில் சட்டையோடு குளித்தான். தண்ணீர் இரும்பு வாசனை அடித்தது. தோப்பில் அழுகிய பழங்களின் மேல் குளவிகள் ரீங்காரமிட்டன. நாலு முறை திரும்பிப் பார்த்தான். சாலையில் ஒருவரும் இல்லை, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டிஷ் மாட்டுகிறவன் பேய்க்குப் பயந்து பம்புசெட்டில் நிற்கிறான் என்று ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று சிரிக்கப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான். தோள்பைக்குள் ஃபைண்டர் கூவியது.

ஒயர் இல்லாமல். ஒன்றிலும் மாட்டாமல். மெல்ல, விட்டுவிட்டு.

வண்டியை நிறுத்தி, பெட்டியைக் கையில் எடுத்து, வந்த வழியில் நீட்டினான். அடங்கியது. நாகலாபுரம் பக்கம் நீட்டினான். கூவியது.

பின்னால் இல்லை. முன்னால்.

போனை எடுத்தான். நாலாவது மணியில் கலைவாணி எடுத்தாள். பின்னணியில் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா இது, மேல நின்னுக்கினு கீழ இருக்கறவளுக்குப் போன் போடறே?"

கலை, நான் இன்னும் வரல. சொன்னான். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

"ஹலோ? ஒண்ணும் கேக்கல. வந்தவன் உள்ளகூட வராம நேரா மாடிக்கு ஏறிட்டே, சரி, இன்னிக்காவது புத்தி வந்துச்சேன்னு பாத்தா..."

போனுக்குள், தூரத்தில், உயரத்திலிருந்து, ஒரு குரல் கூப்பிட்டது. நாகலாபுரம் சந்தைவரை கேட்கும் குரல்.

"வந்துச்சா?"

"தோ, வந்துச்சு மாமா! கண்ணாடியாட்டம் தெரியுது!" என்று கத்தினாள் கலைவாணி. பிறகு போனில், சிரித்துக்கொண்டு: "கீர்த்தி அழுதா. நீதான் மேல இருக்கியே, அதான் ஏத்தி உட்டேன்."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது.

அவன் ஓட்டியது நினைவில் இல்லை. வேப்பமரங்கள். ஒரு லாரி விளக்கு. பைக்குள் கூவல் நெருங்கி நெருங்கி, இடைவெளியே இல்லாமல், ஒரே கோடாக.

விளக்கு வைக்கும் நேரம். தெரு. வீடு. வண்டி விழுந்தது. விட்டுவிட்டான்.

திறந்த கதவு வழியே டிவியின் நீல வெளிச்சம். அதன் முன்னால் கலைவாணியின் முதுகு. சீரியலில் யாரோ ஓவென்று அழுதுகொண்டிருந்தார்கள். முழுச் சத்தத்தில்.

நிமிர்ந்து பார்த்தான்.

வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்துக்கு எதிரே டிஷ் நின்றது. தெற்கே பார்த்து. ஒரு நூல்கூடப் பிசகாமல். பக்கத்தில் குத்தவைத்து ஒருவன். கன்னையாவின் நீலச்சட்டை. கன்னையாவின் முதுகு. சொந்த முதுகை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்தது. அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி கீர்த்தி.

"வந்துச்சா?"

உள்ளே சீரியல் அழுதது. கலைவாணி திரும்பவில்லை.

அது எழுந்தது. விளிம்புக்கு இரண்டு எட்டு. கீர்த்தி நாலு சின்ன எட்டு. கொலுசு கேட்டது.

"வந்துச்சா?"

பதில் இல்லை.

எட்டிப் பார்த்தது. கீர்த்தியும் எட்டிப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை. பதினோரு வருடமாக லட்சம் தடவை கேட்ட வார்த்தை. கன்னையா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

காற்று. வெறும் காற்று.

குரல்தான் மேலே இருந்ததே.

அது இன்னும் கொஞ்சம் குனிந்தது. கீழே நிற்பவனைப் பார்க்கவில்லை. காதைச் சாய்த்து, காத்துக்கொண்டு. சட்டை ஓரத்தைப் பிடித்திருந்த சின்னக் கை இழுபட்டு நீண்டது. கீர்த்தியின் கால்விரல்கள் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தன.

"வந்துச்சா?"