பெரிய மேய்க்காலில் நடந்தவர்கள்

வெயிலாட்சியின் நாற்பத்து நான்கு செம்மறிகளுக்கும் வாக்கு கிடையாது. அவளுக்கு உண்டு. ஊரின் பொது மேய்ச்சல் நிலமான பெரிய மேய்க்கால் விஷயத்தில் ஒட்டங்கரிசல் ஊரிலேயே கனமான வாக்கு அவளுடையதுதான். ஊராட்சி அலுவலகச் சுவரில் இருந்த மின்பலகை அதைத் தினமும் காட்டியது. சர்வே எண் 212, மேய்க்கால் புறம்போக்கு, நாற்பத்தாறு ஏக்கர். அதிகம் மிதித்தவர்: வெயிலாட்சி, ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் காலடி. அவளுக்கு அடுத்து இருந்தவர் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. அவரும் காலையில் ஒதுங்கப் போகிற ஆள்.

ஊருக்குப் பொதுவான எல்லா நிலத்திலும் ஒரு முழ ஆழத்தில் நிலநரம்பு பதித்திருந்தார்கள். மயிரிழை கனமுள்ள கண்ணாடி இழை. மேலே யார் நடந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். கைரேகை போல நடைக்கும் சாயல் உண்டு; குதிகாலை அழுத்துகிறவர், பெருவிரலை இழுக்கிறவர், ஒரு பக்கம் சாய்கிறவர் என்று அது ஆளைப் பிரித்து எழுதிக்கொள்ளும். ஒரு கிராம சபைக்கும் அடுத்த கிராம சபைக்கும் நடுவில் ஒரு நிலத்தில் எத்தனை காலடி வைத்தீர்களோ, அந்த நிலத்தைப் பற்றிய முடிவில் உங்கள் வாக்குக்கு அத்தனை எடை.

சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கியது. அதற்கு முன்னால் கிராம சபைப் பதிவேட்டில் ஓசூரில் வேலை பார்க்கிறவன் கையெழுத்து இருக்கும், செத்துப்போனவர் கையெழுத்தும் இருக்கும். அப்படித்தான் ஊரணிக்கரை தீர்மானம் போட்டு விற்கப்பட்டது. "காலு படாதவனுக்கு அந்த மண்ணுல என்ன பேச்சு?" என்று மாவட்ட அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தவர்களில் வெயிலாட்சியும் ஒருத்தி. இன்னொன்றையும் அவர்கள் கேட்டார்கள்: நிலம் என்ன வகை என்பதை எந்த அதிகாரியும் பேனாவால் மாற்றக் கூடாது. அதுவும் கிடைத்தது.

நவம்பர் முதல் தேதி கிராம சபையில் கதிர்வயல் என்ற சூரிய மின்சாரக் கம்பெனி மேய்க்காலைக் கேட்டு விண்ணப்பம் வைத்தது. முடிவு ஜனவரி இருபத்தாறில். நடுவில் எண்பத்தைந்து நாள்.

மறுநாள் காலை வெயிலாட்சி ஆடுகளைப் பத்திக்கொண்டு போனபோது மேய்க்காலில் அறுபது பேர் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லார் உடம்பிலும் கம்பெனி கொடுத்த பச்சைச் சட்டை. முன்வரிசையில் அவள் தம்பி பெண்டாட்டி சுப்புத்தாய்.

"என்ன சுப்பு, எதையும் தொலைச்சிட்டுத் தேடுறீகளா?"

"நடக்கோம் மதினி. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"அறுவது பேருக்கும் ஒரே டாக்டரா?"

சுப்புத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "ஒங்க மருமகளுக்கு வேலை தாரேன்னு எழுதிக் குடுத்திருக்கான். பி.எஸ்ஸி. முடிச்சிட்டு மூணு வருசமா வீட்டுல கெடக்கா. ஒங்க ஆடு அவளுக்குச் சம்பளம் குடுக்குமா?"

தம்பி மகள் வெயிலாட்சியின் தோளில் வளர்ந்தவள். ஆடுகள் பச்சைச் சட்டைகளுக்கு மிரண்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு மேய்ந்தன.

ஒரு வாரத்தில் பலகையில் அவள் பெயர் மேலேயே இருந்தது. ஆனால் அறுபது பெயர்கள் சேர்ந்தால் அவள் தூசி.

மேய்க்காலை விடக் கூடாது என்றவர்கள் ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். பெரும்பாலும் ஆடு, மாடு வைத்திருக்கிற வீடுகள். பேச்சைக் கையில் எடுத்தவர் கோட்டைச்சாமி. முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் கூட்டத்தைக் கண்டால் தலை எண்ணுகிற ஆள்.

"இது ஆளேத்துற வேலை. நம்மகிட்ட எம்பது பேரு தேறும். அவன் அறுவது. காலைல ஆறு மணிக்கு மொத சிங்கிள் எடுக்கோம். மேய்க்கால ஒரு சுத்து சுத்துனா ஒரு சிங்கிள், ஆளுக்கு மூணு சிங்கிள். எவனாவது லீவு கேட்டீக, பாத்துக்கிடுங்க."

"டிரைவர் யாரு அண்ணாச்சி?"

"ஒன் காலுதான்டா டிரைவர்."

சிரித்தார்கள். மறுநாளே எண்பது பேர் இறங்கினார்கள். பச்சைச் சட்டைகள் வலம் சுற்ற, இவர்கள் இடம் சுற்றினார்கள். எதிரெதிரே வரும்போது ஏச்சு நடந்தது. சம்பளத்துக்கு நடக்கிற காலு, சாணி மிதிக்கிற காலு என்று ஒருத்தர் காலை ஒருத்தர் திட்டினார்கள். காலைத் தவிர அங்கே வேறு எதற்கும் மதிப்பில்லை.

பத்தாம் நாள் கோட்டைச்சாமி வெயிலாட்சி வீட்டுக்கு வந்தார். கையில் பலகையின் அச்சுத்தாள்.

"ஏத்தா, ஒரு சங்கடம். ஒன் மந்தைக்குப் பக்கத்துல நடந்தவுக காலடியில பாதி 'அடையாளம் தெரியவில்லை'ன்னு வந்திருக்கு. ஆட்டுக் கொளம்பு கலங்கடிக்கி."

"அதுக்கு?"

"சபை முடியுற மட்டும் ஆட்ட வேற எங்கயாச்சும் பத்து."

"மேய்க்கால்ல ஆடு மேயக்கூடாதுன்னா பெறகு எதுக்கு அண்ணாச்சி மேய்க்காலு?"

"காலம்பூரா மேயத்தான சொல்லுதேன். எம்பத்தஞ்சு நாள்ல பத்து போச்சு. மிச்சத்தப் பல்லக் கடிச்சிட்டு இரு. ஆடு நூறு சுத்து சுத்துனாலும் ஒரு ஓட்டு விழுமா?"

விழாது. அது அவளுக்கே தெரியும். மற்ற வீடுகளும் தங்கள் ஆடு மாடுகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஊராட்சிச் செயலர் அருள்தாஸ் மட்டும் அன்று சாயங்காலம் அலுவலக வாசலில் அவர்களை மறித்தார். சாதுவான ஆள், பேச்சு மெதுவாக வரும். "யக்கா, பலகைல கீழ ஒரு வரி ஓடும், அதையும் ஒரு தடவ..."

"தம்பி," என்றார் கோட்டைச்சாமி, "நீ எந்தப் பக்கம்?"

"நான் அரசாங்கப் பக்கம், அண்ணாச்சி."

"அப்போ வாய மூடிட்டுப் பலகையத் தொடைச்சு வை. எழுத்து மங்கலாத் தெரியுது."

அருள்தாஸ் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார், அந்த வரியைப் பற்றிப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்பட்டது. வேலை போய்விடும் என்று பயந்தார்.

வெயிலாட்சி ஆடுகளைத் தார்ச்சாலை ஓரத்திலும் கண்மாய்க்கரையிலும் விட்டாள். லாரி அடித்து ஒன்று செத்தது. சாலையோரப் புல்லில் டீசல் வீச்சம் இருந்ததால் பாதி ஆடுகள் வாயே வைக்கவில்லை. தழை விலைக்கு வாங்கினாள், அது கட்டுப்படியாகாமல் பன்னிரண்டு ஆடுகளை விற்றாள். அதில் மூன்று சினை. மதியம் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு மேய்க்காலுக்குப் போய் மூன்று சுற்று நடந்தாள். ஆடு இல்லாமல் அந்த நிலத்தில் நடக்க முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

கார்த்திகை மழை பெய்தது. கரிசல் மண் ஈரத்தில் மிதிபட்டால் களிம்பாகிவிடும். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். மழைக்கு இரண்டு பக்கமும் நிற்கவில்லை, ஒரு நாள் விட்டால் எதிராளி முந்திவிடுவான். கொழுக்கட்டைப்புல் கதிர் வைக்கிற மாதம் அது. கதிர், தாள், தூர் எல்லாம் சேற்றோடு சேறாகப் போயின. காலில் அப்பிய மண்ணைச் சுரண்ட ஆளுக்கொரு சிரட்டை வைத்திருந்தார்கள்.

நாற்பதாம் நாள் சேற்றில் சுப்புத்தாயின் செருப்பு மாட்டிக்கொண்டது. எதிரே வந்த வெயிலாட்சி குனிந்து பிடுங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் முதல் தடவையாக நின்றார்கள்.

"மதினி, இங்கன ஒரு புல்லுகூட இல்லையே."

"ஒன் காலக் கேளு."

"ஒங்க காலையும் கேளுங்க."

பின்னாலிருந்து கோட்டைச்சாமியின் விசில் கேட்டது. நடையைக் கட்டினார்கள்.

பொங்கலுக்குள் மேய்க்கால் சிமெண்டுத் தளம் போல இறுகி வெயிலில் மின்னியது. நடக்க வசதியாக இருந்தது. அதனால் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

ஜனவரி இருபத்தாறு. கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் அருள்தாஸ் பலகையைப் பார்த்து வாசித்தார். கம்பெனிக்கு நிலம் கொடுக்கலாம் என்றவர்களின் எடை, நான்கு கோடியே பத்து லட்சம் காலடி. கூடாது என்றவர்களின் எடை, நான்கு கோடியே முப்பத்தெட்டு லட்சம். விண்ணப்பம் தள்ளுபடி.

கோட்டைச்சாமி விசிலை வாயில் வைத்து மூச்சு நிற்கிறவரை ஊதினார். யாரோ வெடி வைத்தார்கள். வெயிலாட்சி வெடித்த பாதங்களை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். பச்சைச் சட்டைக்காரர்களுக்கு நடுவில் சுப்புத்தாய் அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு வாசிக்கணும்," என்றார் அருள்தாஸ்.

"வாசி வாசி. இன்னைக்கு நீ என்ன வாசிச்சாலும் பாட்டுத்தான்," என்றார் கோட்டைச்சாமி.

"நில வகைப் புதுப்பிப்பு. சபைக்குச் சபை நிலநரம்பே எழுதுறது. சர்வே எண் 212. மேய்ச்சல் நடந்த நாள், பத்து. மேய்ச்சல் இல்லாமல் மனித நடமாட்டம் மட்டும் இருந்த நாள், எழுபத்தஞ்சு. பழைய வகை, மேய்க்கால்." பலகையை இன்னொரு தடவை பார்த்தார். "புதிய வகை, பாதை."

கோட்டைச்சாமி விசிலைப் பைக்குள் போட்டார்.

"அப்படின்னா?" என்றாள் வெயிலாட்சி.

"பாதைன்னா சாலைக்காரங்க பொறுப்புக்குப் போயிரும் யக்கா. அதுல கிராம சபைக்கு ஓட்டு கெடையாது. எத்தன காலடி இருந்தாலும்."

"எவன் மாத்துனான்? எந்த ஆபீசர்?" கோட்டைச்சாமி எழுந்தார்.

"ஆபீசர் மாத்தக் கூடாதுன்னு கேட்டு வாங்குனீங்கள்ல அண்ணாச்சி. யாரும் மாத்தல. நடந்தத எழுதிருக்கு."

கதிர்வயலின் ஆள் வாசலுக்குப் போய் போனில் பேசிக்கொண்டிருந்தான். மேய்க்காலுக்கு வடக்கே தனியார் பட்டா நிலம் இருநூறு ஏக்கர், வண்டி போக வழியில்லாமல் சும்மா கிடந்தது. அவன் குரல் உள்ளே இருந்தவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது. "நெலம் கெடைக்கல சார். ரோடு கெடைச்சிருக்கு."

சுப்புத்தாய் அவனிடம் ஓடினாள். "எம்மக வேலை?"

"வடக்க வேற ஊரு எல்லைம்மா. வேலை அந்த ஊர்க்காரங்களுக்குத்தான். விதி அப்படி."

கூட்டம் கலைந்த பிறகு வெயிலாட்சி மட்டும் அருள்தாஸின் மேஜைக்கு முன்னால் நின்றாள். சுப்புத்தாய் அவளுக்குப் பின்னால்.

"அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன் யக்கா."

"தெரியும். இப்பம் வழி இருக்கா, அதச் சொல்லு."

"இருக்கு. முப்பது நாளைக்குள்ள ஏழு நாள் மேய்ச்சல் நடந்துட்டாப் போதும். நரம்பே மறுபடியும் மேய்க்கால்னு எழுதிரும்."

"மேய்ச்சல்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஆடு புல்லக் கடிச்சு இழுக்கும்ல, அந்த இழுப்பு வேர் வழியா எறங்கும். அத வச்சுத்தான். வைக்கலைக் கொட்டி மேய விட்டா கணக்குல ஏறாது. வேற ஊருல செஞ்சு பாத்துட்டாங்க."

மண்ணில் வேரோடு நிற்கிற புல்லை ஆடு கடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வெயிலாட்சி மீதியிருந்த முப்பத்தொரு ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தாள். எண்பத்தாறு நாளில் முதல் தடவையாக இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் நின்றது, நிலத்துக்கு வெளியே, வரப்பில். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. சுப்புத்தாய் எங்கிருந்தோ ஒரு கைப்பிடி அருகம்புல்லை வேரோடு பிடுங்கி வந்திருந்தாள். நட்டுவைக்க இடம் தேடினாள். விரல் இறங்கவில்லை, கல்லால் தட்டினாள், அப்போதும் இறங்கவில்லை.

ஆடுகள் மேய்க்காலுக்குள் நுழைந்தன. முன்னால் போன கிழட்டு ஆடு ஒரு தடவை தரையை மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்கியது. நாற்பத்தாறு ஏக்கருக்கு அந்தப் பக்கம் வேலிக்கருவை மரத்தின் காய்ந்த நெற்று உதிர்ந்து கிடந்தது. ஆடு அதைப் பார்த்து நேராக நடந்தது. மற்றவை ஒன்றின் பின் ஒன்றாக அதன் பின்னால் போயின.

"நிக்கச் சொல்லுத்தா!" கோட்டைச்சாமி வரப்பிலிருந்து கத்தினார். "தலையக் குனியச் சொல்லு!"

ஆடுகளைக் குற்றம் சொல்ல வெயிலாட்சியிடம் எதுவும் இல்லை. அவையும் இரை கிடைக்கிற பக்கம்தான் போகின்றன.

அலுவலகத்தில் அருள்தாஸ் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேய்ச்சல் என்ற வரியில் பூஜ்யம் அப்படியே நின்றது. கால்நடைகள் கடந்தன, முப்பத்தொன்று, என்று கீழே ஒரு வரி புதிதாக வந்தது. அதற்குப் பக்கத்தில்: பாதை, உறுதி செய்யப்பட்டது.

கருவியில் பிழை என்று எழுதி அனுப்பலாமா என்று படிவத்தை எடுத்தார். பிழையின் விவரம் என்ற இடத்தில் பேனாவை வைத்தார். எழுத ஒன்றும் இல்லை.