நெஞ்சில் போட்ட குழாய்

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு நாள், செஞ்சிக் கோட்டையோரம் இருந்த எங்க சின்ன ஆஸ்பத்திரிக்கு மத்தியான டியூட்டிக்கு வந்தேன். வாசல்ல ரெண்டு மாட்டு வண்டி. வல்லத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் கெணத்துத் தண்ணிக்கு அடிச்சிக்கிட்டு, ஒருத்தன் நெஞ்சுல ஒருத்தன் கத்திய எறக்கியிருக்கானுங்க.

முன்வண்டில அண்ணன் தங்கராசு. உசுரு இல்ல. நெஞ்சுல கத்தியும் இல்ல.

“எவன்யா கத்திய புடுங்குனது?”

“நான்தான் சிஸ்டர்,” அவங்க தாய்மாமன் பாண்டுரங்கன் சொன்னாரு. “அம்மன் கோயிலத் தாண்டணுமே. ரத்தம் பட்ட இரும்போட தாண்டலாமா? கூட வந்தவன் காலப் புடிச்சிக்கிட்டான், நான் புடுங்கிட்டேன்.”

அந்தக் கத்திதான்யா ரத்தத்த அடைச்சிட்டிருந்துது! அதப் புடுங்கி ஆளக் கொன்னுட்டு சாமிய இழுக்கறாரு.

பின்வண்டில தம்பி பச்சைமுத்து. கத்தியத் தொட வுடாம கூச்சல் போட்டே பொழைச்சிருந்தான். டாக்டர் அத எடுத்து, தையல் போட்டு, வெலா எலும்புக்கு நடுவுல ரப்பர் குழாய் சொருகினாரு. மறு முனை கட்டிலுக்கு அடியில, தண்ணி பாட்டில்ல. உள்ள அடைச்ச காத்தும் ரத்தமும் அது வழியா எறங்கணும்.

“குழாய் கழண்டா ஆள் போயிடுவான், அமிர்தவல்லி. பக்கத்துலயே இரு,”ன்னுட்டு டாக்டர் கை கழுவப் போனாரு.

வெளிய நல்ல வெயில். வார்டுக்குள்ள ரத்தக் கவுச்சி. பாட்டில்ல குமிழி வந்துட்டே இருந்துச்சு.

திடீர்னு நின்னு போச்சு.

குழாய் விறைச்சுது.

யாரோ இழுக்கறாங்க.

பாஞ்சு ரெண்டு கையாலயும் புடிச்சேன். எதிர்ல ஆளே இல்ல. இழுப்பு மட்டும் இருந்துச்சு, கெணத்துலேர்ந்து கமலை மாடு தண்ணி இழுக்கற மாதிரி.

“அண்ணே... வுட்ரு...” பச்சைமுத்து முனகினான்.

தையல் பட்டுபட்டுன்னு தெறிச்சுது. புண்ணு தானா வாய் பொளந்துச்சு. ஒரு கை உள்ள போற அகலத்துக்கு.

ரத்தம் என் மூஞ்சில அடிச்சுது. அவன் நெஞ்சுத் தோல் உள்ளேர்ந்து பொடைச்சு, விரல் விரலா நகந்துச்சு.

பயத்தவிட எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

“அடப்பாவி! இவன் குத்து ஒன்னக் கொல்லலடா! கத்திய புடுங்குனது ஒன் மாமன்!”

இழுப்பு நின்னுது.

வராந்தாவுல பாண்டுரங்கன் அலறினாரு.

ஓடிப் பாத்தேன். மல்லாந்து கெடந்தாரு. சட்டைப் பொத்தான் போட்டது போட்டபடி இருந்துச்சு. அவுத்துப் பாத்தா உள்ள நெஞ்சு இல்ல. வெலா எலும்பெல்லாம் ரெண்டு பக்கமும் பொளந்து கெடந்துச்சு.

டாக்டர் மறுபடி தையல் போட்டாரு. பச்சைமுத்து பொழைச்சிட்டான். குழாய எடுத்த அன்னிக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“மெதுவா மூச்சு வுடு ராசா,”ன்னு குனிஞ்சேன்.

அவன் வாயத் தொறக்கல. கண்ணு மட்டும் பயத்துல என்னையே பாத்துச்சு. வேற ஒரு குரல், அவன் வெலாவுக்குள்ளேர்ந்து, ரகசியமா கேட்டுச்சு.

“மாமன் புடுங்கறப்ப என் காலப் புடிச்சிருந்தது யாரு சிஸ்டர்?”