எட்டாம் நம்பர் வீட்டுக்கு மூன்று சாவி

ரிங் போய்க்கொண்டே இருந்தது.

எடுக்க ஆள் இல்லை!

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். வேணி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடியும் அதே நம்பரை அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு.

"எடுங்க ஐயா... மாத்திரை போடணும்ல..."

ம்ஹூம்!

'பெரிய வெள்ளிக்கிழமையாச்சே, சர்ச்சுக்குப் போயிருப்பாரு' என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஒன்றரை மணிக்கு அவளுடைய போன் அலறியது. திண்டிவனத்திலிருந்து அமலா. ஏழாம் நம்பர் வீட்டுக்காரி.

"வேணி! ஜல்தி கெளம்பி வாடி! செபஸ்தியான் ஐயா... பாத்ரூம் வாசல்ல... தலையெல்லாம் ரத்தம்!"

"ஐயோ! உயிரு...?"

அமலாவிடமிருந்து அழுகைதான் வந்தது.

வேணி ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம். கண்ணீரைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்து சீட் அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வரும் திங்கட்கிழமை பத்திரப்பதிவு. செபஸ்தியான் வீடு வேணியின் வீடாக வேண்டிய நாள்!

பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. எட்டே வீடுகள் கொண்ட பழைய அபார்ட்மென்ட். லிஃப்ட் கிடையாது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சர்ச் கோபுரம், பள்ளிவாசல் மினார், பிள்ளையார் கோயில் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்.

விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த வருஷங்களில் வேணியிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். 'நீங்க என்ன ஆளுங்க?' பதில் சொன்னதும் கதவு சாத்திக்கொள்ளும். கண்டாச்சிபுரம் பக்கத்துக் காலனியில் ஒற்றை அறையில் ஏழு பேரோடு வளர்ந்தவள். சொந்தமாக ஒரு கதவு வேண்டும், அதை உள்ளேயிருந்து தானே சாத்த வேண்டும் என்பது அவளுடைய வெறி.

செபஸ்தியான் கேட்டது வேறு கேள்வி.

"பாட்டு சத்தமா வெப்பியாம்மா?"

"இல்லீங்க ஐயா."

"அப்போ வூடு உனக்குத்தான். கட்டடத்த இடிக்கிறேன்னு ஒருத்தன் அலைஞ்சிக்கினு கெடக்கறான். அவனுக்குக் கொடுக்க மாட்டேன். வாழறவங்களுக்குத்தான் கொடுப்பேன்."

அட்வான்ஸ் வாங்கிய அன்றே மூன்று சாவியில் இரண்டை எடுத்து நீட்டிவிட்டார். ஒன்று வேணிக்கு. ஒன்று அவள் கணவன் நெடுஞ்செழியனுக்கு.

நேற்று சாயங்காலம்கூட அவரைப் பார்த்தாள்.

"ஒரு உதவி செய்யிம்மா. தினம் பன்னண்டு மணிக்கு சர்ச் மணி அடிக்கும். சிலுவை போட்டுக்கினு பிரஷர் மாத்திரைய முழுங்குவேன். நாளைக்கு மணி அடிக்காது."

"ஏன், ரிப்பேரா?"

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட நீ ஒண்ணு! இன்னிக்கு ராத்திரிப் பூசையோட மணிய நிறுத்திடுவாங்க. ஆண்டவர் செத்த துக்கம். மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. இனிமே சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பூசையிலதான் மணி. நாளைக்கு நீ போன் போட்டு ஞாபகப்படுத்து."

போன் போட்டாள்.

அவர்தான் எடுக்கவில்லை!

திண்டிவனம் வந்தது.

எட்டாம் நம்பர் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே பாத்ரூம் படியருகே செபஸ்தியான். மேலே ஒரு போர்வை. தரையெல்லாம் தண்ணீர்.

வேணி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சொந்த அப்பா போனபோது அவளுக்கு நான்கு வயது. அன்று அழத் தெரியவில்லை. இன்று இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

"வேணி..." நெடுஞ்செழியன் ஓடி வந்து தோளைப் பிடித்தான். "அழுவாத. பெரியவரு வழுக்கி வுழுந்துட்டாரு. நம்ம கையில என்னா இருக்கு?"

இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். ஐம்பதைத் தாண்டிய மீசை. களைத்த கண்கள்.

"கட்டடத்துல அந்நேரம் ஒரு ஈ காக்கா இல்லம்மா. பாதிப் பேரு சர்ச்சுல, பாதிப் பேரு ஜும்மா தொழுகையில, மேல் வீட்டுக்காரங்க திருவக்கரை கோயில்ல. எதிர்க் கடை கேமராவுல உங்க வூட்டுக்காரர் மட்டும்தான் தெரியறாரு. பன்னண்டு அஞ்சுக்கு வெளிய போறாரு. அப்புறம் ஒன்றரைக்கு அமலாம்மா. நடுவுல யாரும் இல்ல."

நெடுஞ்செழியன் தலையாட்டினான்.

"பத்திர விஷயமா பேச வந்தேன் சார். நான் கெளம்பறப்போ நல்லாத்தான் இருந்தாரு. சர்ச் மணி பன்னண்டு அடிச்சுது. சிலுவை போட்டுக்கினாரு, மாத்திரைய முழுங்குனாரு. 'போய்ட்டு வா தம்பி'ன்னாரு. அதான் அவரு என்கிட்ட பேசுன கடைசிப் பேச்சு!"

குரல்கூடத் தழுதழுத்தது.

வேணியின் அழுகை சட்டென்று நின்றது.

சர்ச் மணி... அடிச்சுதா?

பதினோரு வருஷக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். விலை பேச வாராவாரம் இங்கே வந்தவன். ஒவ்வொரு முறையும் அந்த மணியைக் கேட்டிருக்கிறான், அந்தச் சிலுவையைப் பார்த்திருக்கிறான். பார்த்ததை அப்படியே ஒப்பித்துவிட்டான். இந்த ஒரு நாள் மட்டும் அது நடக்காது என்று அவனுக்குத் தெரியாது!

"அப்போ ஆக்சிடென்ட்தான்" என்றார் துரைக்கண்ணு. "எழுதி முடிச்சிடலாமா?"



சும்மா இருந்தால் போதும். புருஷன் வீடு திரும்புவான். பெரியவர் மகள் ஜெசி கோயமுத்தூரிலிருந்து வந்து கையெழுத்துப் போடுவாள். கதவு கிடைக்கும். அந்தக் கதவைச் சாத்தினால் உள்ளே அவளோடு இருக்கப்போவது யார்?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க சார்."

"வேணி!" நெடுஞ்செழியனின் கை அவள் தோளை இறுக்கியது.

கையை விலக்கினாள்.

"இன்னிக்கு சர்ச்சுல மணியே அடிக்கல சார். நேத்து ராத்திரிலேர்ந்து அடிக்கல. அமலாக்காவக் கேளுங்க."

வாசலில் நின்ற அமலா விசும்பலோடு சொன்னாள். "ஆமா சார். கட்டதான் தட்டுனாங்க. மணி கெடையாது."

துரைக்கண்ணுவின் மீசை துடித்தது.

"அலமாரியில ஒரு டப்பா இருக்கும் சார். ஏழு நாளைக்கு ஏழு அறை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அறையத் தொறந்து பாருங்க."

கான்ஸ்டபிள் திறந்தார்.

மாத்திரை இருந்தது!

"ஐயா போனையும் பாருங்க. பன்னண்டு மணிக்கு ரெண்டு தடவ கூப்ட்டேன். அந்நேரம் இவரு இங்கதான் இருந்தாரு. ஐயா உயிரோட பேசிக்கினு இருந்தாருன்னா... ஏன் எடுக்கல?"

நெடுஞ்செழியன் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தான். கான்ஸ்டபிள் குறுக்கே வந்து நின்றார்.

அமலா மெதுவாக உள்ளே வந்தாள்.

"வேணி, என்னை மன்னிச்சிடு. இடிக்க வர்றவன் ஆளு நேத்து என்கிட்ட சொன்னான்... ஏழு வூடும் முடிஞ்சுதாம், எட்டாவது வூட்ட ஒன் வூட்டுக்காரரு வாங்கித் தர்றதாப் பேச்சாம். காலையில ஐயாகிட்ட சொன்னேன். 'வேணிக்குச் சொல்லாத, அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சிடும். மொதல்ல அந்தத் தம்பியக் கேக்கறேன்'ன்னாரு."



வேணி கணவனைப் பார்த்தாள்.

"அப்போ இந்த வூடு... நமக்கு இல்லியா?"

"நமக்குத்தான்டி!" அவன் உடைந்து அழுதான். "புதுக் கட்டடத்துல கீழ ஒரு கடை தர்றேன்னான். அடுத்தவன் கடையில பில் போட்டுப் போட்டு வெறுத்துப் போச்சு! பெரியவரு பத்திரம் கெடையாதுன்னாரு. உங்கிட்ட சொல்லிடுவேன்னு போன எடுத்தாரு. புடுங்கப் போனேன்... தள்ளிட்டேன். சமையல் மேடை முனையில அடிபட்டுடுச்சு. சத்தியமா வேணும்னு செய்யல!"

"அப்புறம் பாத்ரூம் வாசலுக்கு இழுத்துப் போட்டுத் தண்ணி ஊத்துனியே, அதுவும் வேணும்னு செய்யலியா?" என்றார் துரைக்கண்ணு.

நெடுஞ்செழியன் தலை தொங்கியது.

"அப்போதான் போன் அடிச்சுது... உம் பேரு வந்துது வேணி. ரெண்டு தடவையும் அடிக்க வுட்டுட்டேன்..."

வேணி கேட்டாள்.

"அப்போ அவருக்கு உயிர் இருந்துதா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க. இருந்துதா?"

"...இருந்துது."

பஸ்ஸில் வரும்போது பாதி செத்திருந்தாள் வேணி. மீதி இப்போது செத்தது.

விலங்கு 'க்ளிக்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர்.

எட்டாம் நம்பர் வீட்டுத் தரையை வேணி கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை.

சர்ச் மணி அடித்தது. பன்னிரண்டு! கை தானாக போனைத் தேடியது. யாரைக் கூப்பிட? அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

"ஜெசியம்மா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாங்க" என்றார் துரைக்கண்ணு. "காரியமெல்லாம் முடியட்டும், 'வூடு வேணிக்குத்தான்'னு அப்பா சொன்னது சொன்னதுதான்னாங்க. உன் பேருக்கு மட்டும்."

வேணி எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். அழுகைக்கு நடுவே தலையை மட்டும் அசைத்தாள்.

துரைக்கண்ணு கதவைத் தட்டிப் பார்த்தார்.

"தனியா இருக்கப் போற. முதல் வேலையா பூட்ட மாத்திடும்மா."

வேணி இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எதுக்கு சார்? இந்த வூட்டுக்கு மூணே சாவி. ஒண்ணு வெச்சிருந்தவரு மேல போயிட்டாரு... ஒண்ணு வெச்சிருந்தவரு உள்ள போயிட்டாரு... மிச்சம் நான்தான். நான் எங்கயும் போறதா இல்ல!"